கட்டிலில் உட்காராத நோயாளி

அத்தியாயம் 6

“இந்த ரத்தம் ஓடுத உடம்பு ஒரு மாடிப்படி ஏறக் கூடாது. ஒரு குடம் தண்ணி தூக்கக் கூடாது. மீறினா எந்த நிமிஷமும் இதயம் நின்னு போகலாம்” என்றார் டாக்டர் ஷரீபா பீவி.

“மாடி ஏறணும்னா மொதல்ல இறங்கணுமே டாக்டரம்மா. காய்ச்சல் வந்த நாள்லேருந்து அவன் மேலதான மல்லாந்து கெடக்கான்” என்றான் யாகூப்.

துப்பறியும் ஜெயசிங் சிரிக்கவில்லை. உதவியாளனின் ஒரு வேடிக்கைக்குச் சிரித்துவிட்டால் அன்று முழுவதும் அது நிற்காது என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்ச் சாவுகளை விசாரித்துக்கொண்டிருந்தவர் அவர். அந்த வேலையை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டையில் சொந்தமாகப் பலகை மாட்டிய நாள்முதல் யாகூப் கூடவே இருக்கிறான். பைக் ஓட்டுவது அவன் வேலை. பேசுவது அவனாகச் சேர்த்துக்கொண்ட வேலை.

கேஸ் இதுதான். சங்கரன்கோவிலில் ரைஸ் மில்லும், பனவடலிசத்திரம் போகிற வழியில் நிலமும் வைத்திருப்பவர் சங்கரபாண்டியன். அவருடைய ஒரே மகன் வெள்ளத்துரை சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்குத் தேர்வாகி, பயிற்சிக்குப் போகப் பெட்டி கட்டி வைத்திருந்தான். ஆனிக் கடைசியில் அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு காய்ச்சல் வந்து போனது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள், வெள்ளத்துரை மட்டும் நெஞ்சை அடைக்கிறது என்று படுத்தான். டாக்டர் ரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொன்னார். இதயத்தில் அழற்சி என்று முடிவு வந்தது.

வைரஸ் கிருமியின் வேலை என்று டாக்டர் சொன்னதைச் சங்கரபாண்டியன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மீசையும் மார்புமாக நின்ற மகனைக் கண்ணுக்குத் தெரியாத பூச்சி சாய்த்தது என்றால் அவருக்கே கேவலம். பங்காளிகளில் யாரோ சாப்பாட்டில் எதையோ கலந்துவிட்டார்கள், ஆளைக் கண்டுபிடித்துக் கொடும் என்று ஜெயசிங்கை வரவழைத்துவிட்டார். அந்த வீட்டுச் சமையல்கட்டில் உப்பு முதல் ஊறுகாய் வரை நக்கிப் பார்த்ததில் இதுவரை யாகூபுக்கு வயிறு கெட்டதுதான் மிச்சம். அதனால்தான் ஜெயசிங் இன்று அடுப்படியை விட்டுவிட்டு டாக்டரிடம் வந்திருந்தார்.

ரத்தத்தை வைத்து இதயத்தில் கிருமி என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று அவர் கேட்டார். ரத்தம் கிருமியைக் காட்டாது, அது செய்த சேதத்தைக் காட்டும் என்றார் டாக்டர். இதயமும் ஒரு தசைதான். அந்தத் தசைக்குள் சி.பி.கே., எஸ்.ஜி.ஓ.டி. என்று சில சரக்குகள் இருக்கின்றன. நல்ல மூட்டையிலிருந்து அரிசி சிந்தாது. மூட்டை கிழிந்தால் வண்டி போன வழியெல்லாம் அரிசி கிடக்கும். அதே மாதிரி தசை நைந்தால் இந்தச் சரக்கெல்லாம் ரத்தத்தில் வந்து கிடக்கும். இந்த ரத்தத்தில் அவை இருக்க வேண்டியதைப்போல் பல மடங்கு இருந்தன. இளவயது, மாரடைப்பு வருகிற ஆள் இல்லை, இப்போதுதான் வைரஸ் காய்ச்சலில் எழுந்தவன். இதை எல்லாம் சேர்த்துத்தான் அவர் அந்த முடிவுக்கு வந்தார்.

திருநெல்வேலி லேபுக்குப் போகிற பஸ்ஸில் ரத்தம் குலுங்கி ஏதாவது ஆகியிருக்குமோ என்று யாகூப் கேட்டான். அந்தப் பஸ்ஸில் போனால் தனக்கே இதயம் இடம் மாறிவிடுகிறது என்றும் சொன்னான். டாக்டர் அதையும் யோசித்திருந்தார். குலுங்கிக் கெட்ட ரத்தத்தில் வேறு சில கணக்குகள் ஏறும், சி.பி.கே. இப்படி ஏறாது. தொடையிலோ இடுப்பிலோ ஊசி போட்டிருந்தால் அந்தச் சதையிலிருந்து கொஞ்சம் ஏறும். ஊசி போடாதவரை டாக்டர் என்றே ஒத்துக்கொள்ளாத ஊர் இது. ஆனால் வெள்ளத்துரை மாத்திரை போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டானாம். கடைசியில், அதே ரத்தத்தை மதுரைக்கு அனுப்பி, இதயத்துக்கு உரிய பங்கை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்கிற சோதனையையும் செய்தார்கள். அதுவும் ஏறித்தான் இருந்தது.

“அப்போ சந்தேகமே இல்ல” என்றார் ஜெயசிங்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். அவர் முகத்தில் ஒரு கூச்சம் தெரிந்தது.

“ஒரு விஷயத்த உங்ககிட்ட மறைக்கக் கூடாது. அந்தப் பையன் நெஞ்சுல காத வச்சா மணி அடிச்ச மாதிரி கேக்குது. ஈ.சி.ஜி. எடுத்தேன், சுத்தமா இருக்கு. என் காது ஒண்ணு சொல்லுது, ரத்தம் ஒண்ணு சொல்லுது. நான் ரத்தத்த நம்பிட்டுப் பேசாம இருந்துட்டேன்.”

அந்த ரத்தத்தில் வேறு என்ன இருந்தது என்று கேட்டார் ஜெயசிங். பெரிதாக ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ரத்தம் வெளுத்திருந்தது, சத்து பாதிதான் இருந்தது. வயிற்றில் கொக்கிப்புழு இருப்பவர்களுக்கு ஏறுகிற ஒருவகை அணுக்கள் நிறைய இருந்தன. இதயத்தின் சேதி வந்த பிறகு அதை யார் கவனிக்கிறார்கள்?

“கொக்கிப்புழு எது வழியா உடம்புக்குள்ள போகும்?”

“வெறுங்காலோட ஈரமண்ணுல நடந்தா கால் வழியா.”

“வெள்ளத்துரை கக்கூசுக்குப் போகத் தனியா ஒரு ஜோடி செருப்பு வச்சிருக்கான் டாக்டர். காலையில ஆட்டுக்கால் சூப்பு, ராத்திரி ஈரல் வறுவல். அவன் ரத்தமே வெளுத்திருக்குன்னா, இந்தத் தாலுகாவுல எவனுக்கும் சிவப்பு ரத்தம் கெடையாது.”

டாக்டர் நாற்காலியில் அப்படியே பின்னால் சாய்ந்துவிட்டார். தான் தினமும் பார்க்கிற சிவந்த உதடுகளையும், அந்த வெளுத்த ரத்தத்தையும் ஒன்றாகச் சேர்த்து நினைக்கத் தனக்குத் தோன்றவே இல்லையே என்று வெட்கப்பட்டார். அதைவிடப் பெரிய விஷயம் அடுத்த நிமிஷமே அவருக்கு உறைத்தது. நல்ல இதயத்தை மாடியில் படுக்க வைத்திருக்கிறோம். கெட்ட இதயத்தை வைத்துக்கொண்டு வேறு ஒருவர் இந்த ஊரில் எங்கோ நடமாடிக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தன் நிலைமை தெரியாது. யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

“சீக்கிரம் கண்டுபிடிங்க” என்றார் டாக்டர்.

*

லேப்காரர் ஆறுமுகச்சாமி வாரத்தில் சில நாள் ஐஸ் போட்ட பிளாஸ்க்குடன் திருநெல்வேலியிலிருந்து வந்து, டாக்டர் சொல்கிற வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர். அன்று அவர் வருகிற நாளாக இருந்தது அதிர்ஷ்டம். கோமதியம்மன் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம். திருவேங்கடம், வாசுதேவநல்லூர் என்று எந்தப் பக்கமிருந்து வந்த பஸ்ஸும் பிதுங்கிக்கொண்டு வந்தது. நெரிசலில் பிளாஸ்க்கைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு அவர் ஒரு டீக்கடை ஓரம் நின்றிருந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு வேர்த்துவிட்டது. ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய் தன் கையிலிருந்து இறங்கவே இல்லை என்றும், பெயர்ச் சீட்டைத் தானே எழுதி அங்கேயே ஒட்டியதாகவும் சத்தியம் செய்தார். வேறு வீட்டு ரத்தத்தோடு மாறவும் வழியில்லை; அன்று அந்த ஒரு வீடுதான்.

“ஆள மாத்தியிருந்தா?” என்று கேட்டார் ஜெயசிங்.

ஆளை அவருக்கு முன்பின் தெரியாது. மாடி அறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. நோயாளி நடுக்கத்தில் இருந்தார். போர்வையைத் தலைவரை இழுத்து மூடியிருந்தார். வெள்ளத்துரைதானே என்று லேப்காரர் கேட்டதற்கு ஆமாம் என்று பதில் வந்தது. அதைச் சொன்னது போர்வைக்குள் இருந்தவர் இல்லை. மீசை வைத்த ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார், அவர் சொன்னார். அண்ணனோ தம்பியோ என்று இவர் நினைத்துக்கொண்டார்.

“கை எப்படி இருந்துது?”

“நரம்பு கயிறு மாதிரி. ஒரே குத்து. நமக்கு நரம்பு கெடச்சாப் போதும், மூஞ்சிய எங்க பாக்கோம் அண்ணாச்சி?”

“நீரு எங்க உக்காந்து எடுத்தீரு?”

“கட்டில்ல.”

“அவன்?”

“தரையில. மேல ஏறி உக்காரும்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். வேண்டாம், இங்கனயே இருக்கேன்னுட்டான். கைய மட்டும் கட்டில் விளிம்புல வச்சான்.”

“மெத்தையில மூட்டப்பூச்சியா இருக்கும்” என்றான் யாகூப்.

ஜெயசிங் ஏற்கெனவே பைக்கை நோக்கி நடந்துகொண்டிருந்தார். யாகூப் ஓடி வந்து சேர்ந்துகொண்டபோதுதான் சொன்னார். “தன்னோட கட்டில்ல ஏறி உக்கார ஒருத்தன் ஏம்லே கூசுதான்? காய்ச்சல் நடுக்கத்துல வெறுந்தரையில உக்காந்திருக்கான்னா அது அவன் கட்டில் இல்ல. அது மட்டுமில்ல, அதுல உக்காரக் கூடாதுன்னு சின்ன வயசுலேருந்து பழக்கி வச்ச ஆளு.”

அந்த வீட்டில் அப்படிப்பட்ட ஆண் ஒருவர்தான். மூக்காண்டி. மாட்டுக்கும் வயலுக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஆள். ஜெயசிங்கும் யாகூபும் முதல்நாள் அந்த வீட்டில் வந்து இறங்கியபோது கேட்டைத் திறந்துவிட்டு, பெட்டியைத் தலையில் வாங்கிக்கொண்டு மாடி ஏறியவர் அவர்தான். பாதிப் படியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். ஜெயசிங் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அவரைத் தாண்டிக்கொண்டு மேலே போனார்.

ஊறுகாய் ஜாடியைக்கூட விடாமல் முகர்ந்து பார்த்த துப்பறிவாளர், ஒரு மனிதன் படியில் மூச்சுத் திணறி நின்றதைத் துப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டி தூக்குகிறவர் மூச்சு வாங்குவது யாருக்கும் துப்பு இல்லை. ஜெயசிங்குக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“அண்ணாச்சி” என்றான் யாகூப், வண்டியைக் கிளப்பாமல். “அன்னைக்கு நான் அவரப் பாத்து, பாதி வழியில நிக்கீரே, பெட்ரோல் போடணுமான்னு கேட்டேன். அந்த மனுஷன் சிரிச்சாரு.”

“வண்டிய எடு” என்றார் ஜெயசிங்.

*

வெள்ளத்துரையின் அம்மா ஆறுமுகத்தாய் சாமி அறையில் இருந்தாள். கோயிலிலிருந்து கொண்டுவந்த புற்றுமண்ணை நீரில் குழைத்து மகனின் நெஞ்சில் பூசத் தயாராகிக்கொண்டிருந்தாள். மூக்காண்டி எங்கே என்று கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

“அவன் கோயில்லல்லா கெடக்கான். கொடியேறுன அன்னையிலேருந்து ஆடிச் சுற்று சுத்துதான். எம் பிள்ளைக்கு நெஞ்சு சரியாகணும்னு ஆயிரத்தொரு சுத்து நேந்துக்கிட்டேன். எனக்கு முட்டுவலி, பத்துச் சுத்துக்கு மேல முடியாது. நான் சுத்துதேன் தாயின்னு அவனாத்தான் கேட்டு வாங்கிக்கிட்டான். விசுவாசமான பய.”

தபசுக்குக் கொடியேறிவிட்டால் சங்கரன்கோவிலில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் கால்கள் ஓயாது. நூற்றொன்று, ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று என்று நேர்ந்துகொண்டவர்கள் பகலும் இரவுமாகச் சுற்றுவார்கள். ஒரு மாடிப்படி ஏறக் கூடாத இதயம் அந்தக் கூட்டத்தில் நாள்கணக்காக நடந்துகொண்டிருந்தது. நோயில்லாதவனுக்கு நோய் தீர, நோயாளி நடந்துகொண்டிருந்தார்.

ஜெயசிங் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். என்னவோ ஏதோ என்று சங்கரபாண்டியனும் பின்னால் வந்தார். வெள்ளத்துரை தலையணையில் சாய்ந்திருந்தான். முகம் கழுவி, மீசையை முறுக்கி, படுக்கையிலும் சப்-இன்ஸ்பெக்டராகவே இருந்தான்.

“இந்தக் கட்டில்ல உக்காராம ரத்தம் குடுத்த ஆளு யாருன்னு தெரிஞ்சுபோச்சு, தம்பி” என்றார் ஜெயசிங்.

மீசை இருந்த இடத்திலேயே இருந்தது. மற்றதெல்லாம் அவன் முகத்திலிருந்து வடிந்துபோனது. பிறகு, மூக்காண்டிக்கு ஒன்றும் இருக்காது, அவன் நன்றாகத்தான் நடமாடுகிறான், லேபில்தான் ஏதோ தப்பு என்று முணுமுணுத்தான். முடிவு வந்த நாளிலிருந்து அவன் தினமும் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்தது இது. அம்மா மூக்காண்டியைக் கோயிலுக்கு அனுப்பியதும் அவனுக்குத் தெரியும். இதே கட்டிலில் படுத்துக்கொண்டுதான் அதைக் கேட்டான். அப்போதே எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் ஆளை மாற்றினாய் என்று கேட்பார்கள். அதை நினைத்ததும் ஒவ்வொரு தடவையும் போர்வையை இழுத்துக்கொண்டான்.

சங்கரபாண்டியனுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. “ஏம்லே அப்படிச் செஞ்ச?” என்று கேட்டார்.

வெள்ளத்துரை அப்பாவைப் பார்க்கவில்லை. “போலீஸ் வேலைக்குப் போகப் பிடிக்கல. சீக்காளி ரத்தத்தக் குடுத்துட்டா விட்டுருவாகன்னு பாத்தேன்.”

பளீரென்று கன்னத்தில் விழுந்தது அடி. அவன் அதை வாங்கிக்கொண்டான். இன்னொன்று விழுந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத் தெரிந்தான்.

ஜெயசிங் அதை நம்பவில்லை. ரத்தம் எடுத்த அன்று மூக்காண்டியின் இதயம் கெட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, டாக்டருக்கே தெரியாது. வெளியே பார்த்தால் நடுக்கத்தோடும் வேலை செய்துகொண்டிருந்த திடமான ஆள். வேலையிலிருந்து தப்பிக்க நினைப்பவன் அந்த ரத்தத்தையா தேடிப் பிடிப்பான்? ஒரு மனிதன் பெரிய குற்றத்தைத் தானாகத் தலையில் ஏற்றிக்கொள்கிறான் என்றால், அதைவிடச் சின்ன ஒன்றை மறைக்கிறான். ஆனால் அதைத் தோண்டிக்கொண்டிருக்க இப்போது நேரமில்லை.

“உங்க அப்பாகிட்ட அடி வாங்குதத அப்புறம் வச்சுக்கிடலாம்” என்றார் அவர். “அந்த மனுஷன் இன்னும் நடந்துக்கிட்டிருக்காரு.”

வெள்ளத்துரை போர்வையை உதறிவிட்டு எழுந்தான். வரிசையாக இருந்த செருப்புகளைத் தாண்டி, வெறுங்காலுடன் படிகளில் இறங்கி ஓடினான். மகனுக்கு இதயம் நின்றுவிடும், யாராவது பிடியுங்கள் என்று ஆறுமுகத்தாய் கதறிக்கொண்டு பின்னால் ஓடினாள். முட்டுவலிக்காரி தெருமுனை வரைக்கும் ஓடினாள்.

*

சுற்றுகிறவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகப் போக, ஜெயசிங், யாகூப், வெள்ளத்துரை மூன்று பேர் மட்டும் எதிர்ப்பக்கமாகப் போனார்கள். அப்படிப் போனால்தான் எல்லா முகத்தையும் பார்க்க முடியும் என்றார் ஜெயசிங். யாகூப் ஒவ்வொரு நிழலிலும் குனிந்து பார்த்தான். வழக்கமாக இந்த மாதிரிக் கூட்டத்தில் அவனுக்கு ஆயிரம் வேடிக்கை தோன்றும். இன்று ஒரு முகம் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

வடக்கு வீதித் திருப்பத்தில் மூக்காண்டிதான் முதலில் இவர்களைக் கண்டார். தேர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கால்கள் இரண்டும் பாதத்திலிருந்து முட்டுவரை வீங்கியிருந்தன. வாய் திறந்திருந்தது. மூச்சை உள்ளே இழுக்கும் ஒவ்வொரு தடவையும் தோள் மேலே ஏறி இறங்கியது. சுற்றுக்கு ஒன்றாக எடுத்து மாற்றிக்கொள்ளும் புளியங்கொட்டைகள் வேட்டி மடியில் முடிந்திருந்தன. வெள்ளத்துரை ஓடி வருவதைப் பார்த்ததும் அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“சின்ன மொதலாளி ஓடி வாராக... கோமதி கண்ணத் தெறந்துட்டா” என்றார்.

வெள்ளத்துரை நின்றுவிட்டான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவன் வாழ்க்கையில் யாரும் அவனை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. அந்தப் பார்வைக்கு எதிரில் நிற்க அவனுக்கு யோக்கியதை இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது.

உட்காரச் சொன்னால் மூக்காண்டி உட்காரவில்லை. இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, நடுவில் விட்டால் சின்ன முதலாளிக்குத் திரும்ப வந்துவிடும் என்று சுவரைவிட்டு நகர்ந்து ஒரு அடி வைத்தார். இரண்டாவது அடி வைக்க முடியவில்லை. சாய்ந்தவரை யாகூப் தாங்கிப் பிடித்துக்கொண்டான். வெள்ளத்துரை குனிந்து அவரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். வீட்டு வேலையாள் ஒருவரை முதலாளி மகன் தோளில் சுமந்துகொண்டு போவதை வீதி முழுவதும் நின்று பார்த்தது. தன்னை இறக்கிவிடும்படி மூக்காண்டி வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டே வந்தார்.

*

டாக்டர் ஷரீபா பீவி அவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு வெகுநேரம் எடுக்கவில்லை. இந்தத் தடவை காதும் ரத்தமும் ஒன்றையே சொன்னதாக அவர் முகத்திலிருந்து தெரிந்தது. இதயம் களைத்துத் தாறுமாறாக அடிக்கிறது, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார். நீர் வடிய மருந்து கொடுத்து உடனே பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னும் ஒருநாள் நடந்திருந்தால் அங்கே கொண்டுபோகவும் வேலை இருந்திருக்காது. இப்போது படுத்து ஓய்வெடுத்தால் பிழைக்க நிறையவே வழியிருக்கிறது. மாதக்கணக்கில் படுக்க வேண்டும், ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது என்றும் சொன்னார்.

சங்கரபாண்டியன் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து நின்றார். யாரை விஷம் வைத்தவன் என்று பிடித்து உதைக்கலாம் என்று காத்திருந்தவருக்கு இப்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூக்காண்டிக்கும் அதே காய்ச்சல் வந்ததா என்று டாக்டர் கேட்டார். வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை. வந்தது என்று மூக்காண்டியே சொன்னார். நாற்று நடுகிற சமயம், அதனால் படுக்கவில்லையாம்.

பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட, புதிதாக ரத்தம் எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. டாக்டர் ஊசியை எடுத்தார். வெள்ளத்துரையையும் பார்த்தார்.

“உம்ம ரத்தத்தையும் இப்பவே எடுத்துருதேன். இனிமே யாரு ரத்தம்னு சந்தேகம் வேண்டாம்.”

வெள்ளத்துரை ஊசியைப் பார்த்தான். பார்த்த உடனே கண்ணை எடுத்துச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கட்டிலில் படுத்திருந்த மூக்காண்டி அதைக் கவனித்துவிட்டு, மூச்சு வாங்க வாங்கத் தலையைத் தூக்கினார்.

“அம்மா, சின்ன மொதலாளிக்கும் சேத்து எங்கையிலயே எடுத்துக்கிடுங்க. அவுகளுக்கு ஊசின்னா ஆகாது. சின்னப் பிள்ளையிலேருந்தே பயம். அன்னைக்கும் அதுக்குத்தான் எங்கையக் குடுத்தேன்.”

அவர் குற்றம் சொல்லவில்லை. அவனுக்கு ஒரு சங்கடம் வராமல் பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான். அவர் கை மடிப்பை மேலே பார்க்கத் திருப்பி, தயாராக நீட்டியிருந்தார்.

சங்கரபாண்டியன் மகனைப் பார்த்தார். போலீஸ் வேலை பிடிக்கவில்லை என்று சொன்னபோது அடித்தாரே, அந்தக் கோபம் இப்போது அவர் முகத்தில் இல்லை. ஒரு ஊசிக்காகவா, அவ்வளவுக்காகவா என்று அந்த முகம் கேட்டது. யாகூப் தலையைக் குனிந்துகொண்டான். ஜெயசிங், இவன் சின்ன ஒன்றை மறைக்கிறான் என்று தான் முன்பே யூகித்ததை ஒரு கண்டுபிடிப்பாக எண்ணிக்கொள்ளவும் கூச்சப்பட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

வெள்ளத்துரை சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்தான். மீசைக்கு மேலே வேர்வை அரும்பியிருந்தது. மூக்காண்டியின் நீட்டிய கையைப் பிடித்து மெதுவாக மடக்கி, அவர் நெஞ்சின்மேல் வைத்தான்.

“மொதல்ல எனக்கு எடுங்க டாக்டர். அவருகிட்ட எடுத்தது போதும்” என்றான்.

ஊசி இறங்கியபோது அவன் கண்ணை மூடவில்லை. அப்பா பார்க்கிறார், எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் குழந்தைபோல் தேம்பித் தேம்பி அழுதான். வலிக்குதா சின்ன மொதலாளி என்று மூக்காண்டி கட்டிலிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.